லஃப்காடியோ ஹேர்னை எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது

அயர்லாந்துக்காரரான தந்தைக்கும் கிரேக்கத் தாய்க்கும் 1850ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் தேதி லெஃப்காடா தீவில் பிறந்து, டப்ளினில் வளர்ந்து, அமெரிக்காவில் சின்சினாட்டியிலும் நியூ ஆர்லியன்ஸிலும் பத்திரிகையாளராக உழைத்து, கரீபியக் கடலில் உள்ள மார்டினிக் தீவில் ஏறத்தாழ இரண்டாண்டுகள் தங்கி, கடைசியில் ஜப்பானியக் குடிமகனாகி, 1904 செப்டம்பர் 26 அன்று டோக்கியோவில் மறைந்தவர் லஃப்காடியோ ஹேர்ன். பயணநூல், நாவல், பேய்க்கதை, பத்திரிகைக் கட்டுரை, சமையல் நூல், கடிதம் என்று அவர் எழுதாத வடிவம் குறைவு. ஜப்பானுக்குச் சென்ற பிறகு மட்டுமே பத்துக்கும் மேற்பட்ட நூல்கள் வெளிவந்தன. இவற்றை வெளிவந்த வரிசைப்படியே படிக்கப் புகுகிறவர் சின்சினாட்டிக் காலத்துக் கொலைச் செய்திகளிலேயே சலித்துப்போவார். புகழ்பெற்றது என்பதற்காக அவருடைய கடைசி நூல்களில் ஒன்றான ஜப்பானிய சமூக ஆய்விலிருந்து தொடங்குகிறவர், இவர் கதை சொல்லத் தெரிந்தவர் என்பதையே அறியாமல் நூலை மூடிவைத்துவிடுவார். ஆகவே வேறொரு வரிசையை இங்கே பரிந்துரைக்கிறேன்.

அந்த வரிசைக்கு அடிப்படை ஒரே ஒரு கேள்விதான். ஹேர்னின் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், இதை இவருக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதினாறு வயதில், இங்கிலாந்தின் டர்ஹம் அருகே உஷா என்னுமிடத்தில் இருந்த கத்தோலிக்கப் பள்ளியில் விளையாடிக்கொண்டிருந்தபோது கயிறு பட்டு அவருடைய இடக்கண் பார்வை போயிற்று; மிஞ்சிய வலக்கண்ணும் கிட்டப்பார்வை உடையது. பின்னாளில் அவர் எடுத்துக்கொண்ட புகைப்படங்களில் பெரும்பாலும் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பியோ கண்களைத் தாழ்த்தியோ இருப்பதற்கு அதுவே காரணம். உயரமான மேசை ஒன்றைச் செய்வித்து, காகிதத்தில் மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்துதான் அவர் எழுதினார். தொலைவில் உள்ளதைப் பார்க்கச் சிறிய மடக்குத் தொலைநோக்கியைச் சட்டைப்பையில் வைத்திருந்தார். இப்படிப்பட்ட ஒருவர் பயண எழுத்தாளராக விளங்கினார் என்றால், அது பெருமளவு காதால் நடந்த காரியம். அவருடைய சிறந்த பக்கங்கள் யாவும் யாரோ ஒருவர் வாயிலிருந்து வந்த கர்ணபரம்பரைச் செய்திகளை ஒட்டி எழுந்தவை என்பது என் உறுதியான கருத்து.

முதல் நூல்

1904இல் வெளிவந்த 'குவைதான்' என்னும் கதைத் தொகுப்பிலிருந்து தொடங்குங்கள். முன்னுரையைத் தாண்டிவிடாதீர்கள்; ஒரு பக்கம் அளவே உள்ள அந்த முன்னுரையில், பெரும்பாலான கதைகள் பழைய ஜப்பானிய நூல்களிலிருந்து எடுக்கப்பட்டவை என்றும், 'யுகி-ஓன்னா' என்னும் பனிப்பெண் கதை மட்டும் முசாஷி மாகாணத்தைச் சேர்ந்த ஒரு விவசாயி தன் ஊர்க் கதையாகத் தமக்குச் சொன்னது என்றும் ஹேர்ன் குறிப்பிடுகிறார். அந்தக் குறிப்பை மனத்தில் கொண்டு பனிப்பெண் கதையையும், காதுகள் பிய்த்தெடுக்கப்பட்ட பார்வையற்ற பாணன் ஹோஇச்சியின் கதையையும், 'முஜினா' என்னும் மூன்று பக்கக் கதையையும் முதல் நாளே படித்துவிடலாம். இவற்றை வாய்விட்டுப் படிப்பது நல்லது. வாக்கியங்கள் குரலுக்காகவே அமைந்தவை என்பது அப்போதுதான் புலப்படும்.

பிறகு அதே நூலின் பிற்பகுதியில் உள்ள 'ஹிமவாரி' என்னும் சிறு கட்டுரைக்குச் செல்லுங்கள். ஜப்பானிய ஆவிக் கதைகளுக்கு நடுவே, ஹேர்ன் தம்முடைய ஏழு வயதுக்குத் திரும்பி, ராபர்ட் என்னும் உறவுக்காரச் சிறுவனோடு காட்டுக் குன்றில் தேவதைகள் ஆடிய வளையங்களைத் தேடிய நாளை எழுதுகிறார். இந்தக் கட்டுரை இங்கே எப்படி வந்து சேர்ந்தது என்ற கேள்வி எழும்போதுதான் அவருடைய அயர்லாந்து நமக்கு முதன்முதலாகத் தட்டுப்படுகிறது. கவிஞர் யேட்ஸுக்கு 1901இல் எழுதிய கடிதத்தில், கானக்ட் பகுதியைச் சேர்ந்த தாதி ஒருத்தி தமக்குத் தேவதைக் கதைகளையும் பேய்க்கதைகளையும் சொன்னதாகவும், அதனால் அயர்லாந்துக்கு உரியவற்றின்மேல் தமக்கு அன்பு உண்டு என்றும் அவர் தெரிவித்தார். ஆக, இவருக்குக் கதை சொன்னவர்களின் பட்டியலில் முதல் பெயர் அந்தத் தாதியுடையது.

'முஜினா' கதையில், டோக்கியோவின் ஒரு சரிவுச் சாலையில் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணை ஒருவர் ஆறுதல் சொல்லி அழைக்கிறார். அவள் திரும்பும்போது கண்ணும் மூக்கும் வாயும் இல்லாத வழவழப்பான முகம் தெரிகிறது. இதைப் படித்த பிறகு, ஹேர்னின் தோழியும் பத்திரிகையாளருமான எலிசபெத் பிஸ்லாண்ட் 1906இல் தொகுத்து வெளியிட்ட ஹேர்னின் வாழ்க்கையும் கடிதங்களும் அடங்கிய நூலில் உள்ள சிறுபிராய நினைவுக் குறிப்பைத் தேடிப் படியுங்கள். வீட்டுக்கு வந்துபோகும் ஜேன் என்னும் உறவுப்பெண்ணின் உருவத்தைத் தனியாக இருந்த சிறுவன் ஒரு நாள் பார்த்து, பெயர் சொல்லி அழைக்கிறான். திரும்பிய உருவத்துக்கு முகம் இல்லை. அறையில் தனியே பூட்டி விளக்கை அணைத்துத் தூங்கவைத்தால் பயம் தெளிந்துவிடும் என்று நம்பிய வீட்டில் வளர்ந்தவர் அவர். டோக்கியோக் கதையை அவர் தேர்ந்தெடுத்ததற்கு இதைவிட வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

செட்சுவின் குரல்

இரண்டாவதாகப் படிக்க வேண்டியது ஹேர்ன் எழுதிய நூலே அல்ல. அவருடைய மனைவி கொய்சுமி செட்சு சொல்ல, எழுதப்பட்ட நினைவுக் குறிப்பு அது. 1918இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. பழைய சாமுராய் அமைப்பு நீக்கப்பட்ட மெய்ஜி ஆட்சியில் நிலை தாழ்ந்துபோன சாமுராய்க் குடும்பத்துப் பெண் செட்சு. மாட்சுவே ஊரில் ஆசிரியராக இருந்த ஹேர்னின் வாழ்க்கையில் 1891இன் தொடக்கத்தில் வந்து சேர்ந்தார். செட்சுவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஹேர்னுக்கு ஜப்பானிய எழுத்துகளைச் சரளமாகப் படிக்க வராது. இருவரும் தங்களுக்குள் மட்டும் புழங்கிய, இலக்கணம் உதறிய ஒரு ஜப்பானிய மொழியில்தான் அந்தக் கதைகள் கைமாறின.

செட்சு பழைய புத்தகக் கடைகளில் கதைகளைத் தேடிப் படித்துவிட்டு, இரவில் விளக்குத் திரியைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு சொல்வார். கையில் புத்தகத்தை வைத்துப் படிப்பதை ஹேர்ன் ஒப்புக்கொள்ளவில்லை. உன் சொற்களால், உன் எண்ணமாகச் சொல் என்று கேட்டார். ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் செய்து, அந்த இடத்தில் காலடியோசை எப்படி இருந்திருக்கும், அப்போது அவன் எந்தக் குரலில் பேசியிருப்பான் என்றெல்லாம் துருவினார். ஹோஇச்சி கதையை எழுதிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு மாலை இருட்டிய பிறகும் அவர் விளக்கேற்றாமல் உட்கார்ந்திருக்க, செட்சு அடுத்த அறையிலிருந்து மெல்லிய குரலில் ஹோஇச்சி என்று அழைத்தாராம். நான் பார்வையற்றவன், நீங்கள் யார் என்று உள்ளிருந்து பதில் வந்தது. இந்த நிகழ்ச்சியைப் படித்த பிறகு 'குவைதான்' நூலை மறுபடி எடுங்கள். அட்டையில் ஒரு பெயர் இருந்தாலும் உள்ளே இருவர் இருக்கிறார்கள். செட்சுவைத் தகவல் தந்தவராக மட்டும் குறிப்பிட்டு நகர்ந்துவிடும் வாழ்க்கை வரலாறுகளை நான் நம்புவதில்லை.

சொன்னதையும் நடந்ததையும் ஒப்பிடுதல்

யார் சொன்னார்கள் என்ற கேள்வி ரசனைக்கு மட்டுமல்லாமல் சரிபார்ப்பதற்கும் உதவும். அதற்கு ஏற்ற பகுதி, 1897இல் வெளிவந்த 'கிளீனிங்ஸ் இன் புத்தா-ஃபீல்ட்ஸ்' நூலின் முதல் கட்டுரையாகிய 'எ லிவிங் காட்'. 2004 டிசம்பரைப் பார்த்த நம் கடற்கரை மக்களுக்கு இது எளிதில் நெஞ்சில் தைக்கும். மேட்டில் வீடு உடைய ஹமாகுச்சி கொஹெய் என்னும் முதியவர், நிலநடுக்கத்துக்குப் பின் கடல் உள்வாங்குவதைக் கண்டு, ஊரை எச்சரிக்க நேரமில்லாததால், அறுவடையாகி அடுக்கி வைத்திருந்த தம்முடைய நெற்கட்டுகளுக்கே தீ வைக்கிறார். தீயை அணைக்க ஊரே மேலே ஓடி வருகிறது. கீழே சுனாமி ஊரை அழிக்கிறது; மக்கள் பிழைக்கிறார்கள்.

நிகழ்ந்தது வேறு விதம். வகயாமா மாவட்டத்தின் ஹிரோ ஊரில், 1854 டிசம்பரில் வந்த பேரலையின்போது உதவிய ஹமாகுச்சி கொர்யோவுக்கு அப்போது வயது முப்பதைச் சற்றுத் தாண்டியிருந்தது. சோயா சாறு தயாரிக்கும் வணிகக் குடும்பத்தைச் சேர்ந்தவர். இருட்டில் வழி தெரியாமல் தவித்தவர்களுக்கு மேட்டுக் கோயிலுக்குப் போகும் திசையைக் காட்ட, வழியோரத்து வைக்கோற்போர்களைக் கொளுத்தினார். பிறகு தம் சொந்தப் பணத்தைச் செலவழித்து, வாழ்வு இழந்த ஊராருக்கே கூலி கொடுத்து, ஏறத்தாழ 600 மீட்டர் நீளத்துக்குக் கரை எழுப்பினார். 1858இல் முடிந்த அந்தக் கரை 1946ஆம் ஆண்டுச் சுனாமியில் ஊரின் பெரும்பகுதியைக் காத்தது.

ஹேர்ன் இதை எழுதியபோது, 1896 ஜூனில் சன்ரிக்கு கடற்கரையைத் தாக்கி இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற பேரலையின் செய்தி நாட்டையே உலுக்கியிருந்தது. அவர் கேட்ட கதையில் இளைஞர் முதியவராகவும், வைக்கோல் நெல்லாகவும், திசைகாட்டும் தீ எச்சரிக்கைத் தீயாகவும் மாறிவிட்டன. கரை கட்டிய பகுதி கதையிலிருந்து விழுந்துவிட்டது. எனக்கு அதுதான் பெரிய இழப்பாகத் தோன்றுகிறது. ஆனால் கதையின் பயணம் அத்தோடு முடியவில்லை. ஊர்ப் பள்ளியாசிரியர் ஒருவர் ஹேர்னின் வடிவத்தை ஜப்பானியச் சிறுவர்களுக்காகச் சுருக்கி எழுத, 1937 முதல் 1947 வரை தொடக்கப்பள்ளிப் பாடநூலில் அது இடம்பெற்றது. நவம்பர் 5ஆம் தேதியை உலகச் சுனாமி விழிப்புணர்வு நாளாக ஐக்கிய நாடுகள் சபை 2015இல் அறிவித்ததற்கும் இந்த நிகழ்ச்சியின் பழைய நாட்காட்டித் தேதியே அடிப்படை. ஹேர்னின் ஒரு கட்டுரையையாவது இப்படிப் பக்கத்தில் வரலாற்றை வைத்துக்கொண்டு படித்துவிட்டால், மற்றவற்றில் எங்கே ஐயப்பட வேண்டும் என்பது பழகிவிடும்.

பயண எழுத்து

இப்போது 1894இல் இரண்டு தொகுதிகளாக வந்த 'கிளிம்ப்சஸ் ஆஃப் அன்ஃபமிலியர் ஜப்பான்' நூலுக்கு வரலாம். இதை முதலிலிருந்து கடைசிவரை படிக்க வேண்டியதில்லை. மாட்சுவே நகரத்தைப் பற்றிய அத்தியாயத்தை எடுத்து, அதன் தொடக்கப் பக்கங்களை மிக மெதுவாகப் படியுங்கள். அவர் ஒரு நகரத்தைக் காட்டத் தொடங்கும் விதமே தனி. முதலில் தூங்குகிறவனின் காதுக்கு நேர் கீழே நாடித்துடிப்பைப் போல ஒரு கனத்த ஓசை எழுகிறது. அரிசி தீட்டுகிறவர் காலால் மிதித்து இயக்கும் பெரிய மர உலக்கையின் ஓசை அது. பின்னர் ஜென் கோயிலின் பெருமணி, அதன்பின் சிறிய ஜிசோ கோயிலின் முரசு, முள்ளங்கியும் விறகுச் சுள்ளியும் விற்பவர்களின் கூவல். எழுந்து சன்னலைத் திறந்த பிறகுதான் ஏரியும் மூடுபனியும் வருகின்றன. அப்புறம் ஆற்றங்கரையில் சூரியனை வணங்குகிறவர்கள் கைதட்டும் ஓசை; பாலத்தின்மேல் மரச்செருப்புகளின் ஓசை. கேட்கக் கேட்கத்தான் ஊர் உருவாகிறது. உலக்கைச் சத்தம் கேட்டு வளர்ந்த தலைமுறை நம்மிடையே இன்னும் இருப்பதால், இந்தப் பக்கத்தை நாம் மற்ற நாட்டு வாசகர்களைவிட நெருக்கமாகவே உணர முடியும்.

இதற்கு அடுத்தபடியாக, 1890இல் வெளிவந்த 'டூ இயர்ஸ் இன் த ஃபிரெஞ்ச் வெஸ்ட் இண்டீஸ்'. ஜப்பான் நூல்களின் அமைதிக்குப் பிறகு இதில் நிறமும் வெயிலும் கண்ணைக் கூசச் செய்யும். தலைச்சுமையோடு மலைப்பாதைகளில் நெடுந்தொலைவு நடந்துபோகும் பெண்களைப் பற்றிய 'லே போர்த்தேஸ்', பெரியம்மை பரவிய காலத்துத் திருவிழாவைக் காட்டும் 'லா வெரெத்', வீட்டுப் பணிப்பெண் சிரில்லியாவைப் பற்றிய 'மா போன்' ஆகிய மூன்றையும் அவசியம் படிக்க வேண்டும். சிரில்லியாவிடம் அவர் உணவையும் மருந்தையும் பேய்களையும் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்; செட்சுவிடம் பின்னால் கேட்கப்போகும் முறையை இங்கேயே பழகிவிட்டார் என்று சொல்லலாம். 'லா பெலே' என்னும் அத்தியாயத்தில் அவர் எரிமலையின் உச்சிவரை ஏறிப் பார்க்கிறார். அந்த மலை 1902 மே 8 அன்று வெடித்து, அவர் வாழ்ந்த செயின்ட்-பியேர் நகரத்தைச் சில நிமிடங்களில் அழித்தது. இறந்தவர்கள் முப்பதாயிரத்துக்கு அருகே. ஆகவே, அந்நகரத்தின் தெருக்களையும் நீரூற்றுகளையும் சந்தையையும் பற்றி அவர் எழுதிய ஒவ்வொரு வரியும் இன்று ஆவணமாகவும் நிற்கிறது.

இந்நூலின் முதல் பகுதியான கோடைப் பயணத்தில் டிரினிடாட் தீவின் இந்தியக் குடியிருப்பு வருகிறது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத்தில் கொண்டுசெல்லப்பட்ட அந்த மக்களின் வெள்ளி நகைகளையும், நகை செய்யும் கொல்லரையும் ஹேர்ன் கூர்ந்து வருணிக்கிறார். மார்டினிக்குக்கும் 1853 முதல் இந்தியத் தொழிலாளர்கள் அனுப்பப்பட்டார்கள். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழர்கள் அவர்களில் பெரும்பகுதி. ஆனால் அவர்கள் சொன்ன கதை என்று எதுவும் ஹேர்னின் கையில் அகப்படவில்லை. அவர்களுடைய மொழியில் அவருக்கு ஒரு சிரில்லியாவோ செட்சுவோ வாய்க்கவில்லை என்பதே காரணமாக இருக்க வேண்டும். தமிழ் வாசகருக்கு இந்த வெற்றிடம் உறுத்தாமல் போகாது.

நாவல்களும் எச்சரிக்கைகளும்

ஹேர்ன் எழுதிய நாவல்கள் இரண்டும் சிறியவை. 'சீட்டா' 1856ஆம் ஆண்டுப் புயலில் லூசியானாக் கரையோரத்து உல்லாசத் தீவு ஒன்று அழிந்ததையும், அலையில் தப்பிய குழந்தையை மீனவக் குடும்பம் வளர்ப்பதையும் சொல்வது. 1889இல் நூலாக வந்தது. அடுத்த ஆண்டு வந்த 'யூமா' 1848இல் மார்டினிக்கில் நடந்த அடிமைகளின் எழுச்சியைக் களமாகக் கொண்டது. தன் பொறுப்பில் விடப்பட்ட வெள்ளைக்காரக் குழந்தையைக் கைவிட மறுத்து, எரியும் வீட்டோடு மாண்டுபோகும் செவிலிப்பெண்தான் அதன் நாயகி. 'சீட்டா'வின் முதல் பகுதியில் கடலும் காற்றும் வரும் இடங்கள் அபாரமானவை. மனிதர்கள் வந்தபின் கதை தளர்ந்துவிடுகிறது. 'யூமா' கட்டுக்கோப்பில் சிறந்தது என்றாலும், அடிமைப்பெண்ணின் விசுவாசத்தையே அவளுடைய உயர்வாகக் காட்டும் பார்வை இன்று ஏற்க இயலாதது.

அவருடைய காலத்தின் இனப் பிரிவுச் சொற்கள் எல்லா அமெரிக்க, கரீபிய எழுத்துகளிலும் தாராளமாக வருகின்றன. மனிதர்களைத் தோல்நிறத்தால் தரம்பிரித்து வருணிக்கும் பத்திகளும் உண்டு. அதே மனிதர்தான் சின்சினாட்டியில், அடிமையாகப் பிறந்த அலீத்தியா ஃபோலி என்னும் பெண்ணை 1874இல் ஒஹாயோ மாநிலச் சட்டத்தை மீறி மணந்து, அதனால் பத்திரிகை வேலையை இழந்தவர். அந்தத் திருமணத்தில் நீண்டகாலம் நிலைத்து நிற்கவும் இல்லை. நாலு வயதில் தாயைப் பிரிந்து, தந்தையால் கைவிடப்பட்டு, வளர்த்த பெரிய அத்தை சாரா பிரெனன் செல்வத்தை இழந்தபின் பத்தொன்பது வயதில் கையில் காசில்லாமல் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டவரின் வாழ்க்கையை ஒரு பக்கத்துக் காலவரிசையாக நீங்களே எழுதி வைத்துக்கொண்டால், இத்தகைய முரண்களை நூலோடு பொருத்திப் பார்க்க எளிதாக இருக்கும்.

ஜப்பானைப் பற்றிய அவருடைய வியப்பையும் முழுதாக நம்பிவிட வேண்டாம். ஜப்பானிய மொழி அறிஞர் பேசில் ஹால் சேம்பர்லினுக்கு எழுதிய கடிதங்களில், குறிப்பாகக் கும்மமோட்டோ ஊரில் கற்பித்த 1891 முதல் 1894 வரையிலான காலத்துக் கடிதங்களில், மனம் கசந்த ஹேர்னைப் பார்க்கலாம். நூலில் உள்ளவரையும் கடிதத்தில் உள்ளவரையும் அடுத்தடுத்து வாசிப்பதே நேர்மையான முறை. 'ஜப்பான்: ஆன் அட்டெம்ப்ட் அட் இன்டர்பிரிட்டேஷன்' என்ற, தொடக்கத்தில் சொன்ன சமூக ஆய்வு நூலை எல்லாவற்றுக்கும் கடைசியில் வையுங்கள். ஆங்கிலத் தத்துவவாதி ஹெர்பர்ட் ஸ்பென்சரின் சமூகத் தத்துவத்தைச் சார்ந்து நிற்கும் அந்த நூலில் அவருக்குக் கதை சொல்ல யாரும் இல்லை.

நூல்களும் ஊர்களும்

ஹேர்னின் எழுத்துகளுக்குப் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. 'குவைதான்', 'கிளிம்ப்சஸ்', 'கொகொரோ', 'சீட்டா', மார்டினிக் நூல் ஆகியவை புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பிஸ்லாண்ட் தொகுத்த கடிதங்களையும் செட்சுவின் நினைவுக் குறிப்பையும் இன்டர்நெட் ஆர்கைவில் தேடுங்கள். 'குவைதான்' ஒலிநூலாக லிப்ரிவாக்ஸில் இருக்கிறது. ஜப்பானிய நூலகப் பட்டியல்களில் தேடும்போது கொய்சுமி யாகுமோ என்ற பெயரைப் பயன்படுத்த வேண்டும். 1896இல் மனைவியின் குடும்பத்தில் சேர்ந்து குடியுரிமை பெற்றபோது அவர் ஏற்ற பெயர் அது.

பயணம் செய்ய வாய்ப்புள்ளவர்கள், அயர்லாந்தில் வாட்டர்ஃபோர்டு மாவட்டத்தின் டிரமோர் கடற்கரை ஊருக்குப் போகலாம். அவர் சிறுவயதில் கோடைக்காலங்களைக் கழித்த அவ்வூரில் அவருடைய வாழ்க்கைப் பயணத்தை ஒட்டி அமைக்கப்பட்ட ஜப்பானியத் தோட்டம் 2015 முதல் திறந்திருக்கிறது. டோக்கியோவில் அவருடைய கல்லறை சோஷிகயா இடுகாட்டில் உள்ளது. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் அவர் விட்டுச்சென்ற இடத்துக்கு வந்த நாவலாசிரியர் நட்சுமே சோசெகியும் அதே இடுகாட்டில்தான் இருக்கிறார். ஒரே ஓர் ஊருக்குத்தான் போக முடியும் என்றால் மாட்சுவேயைத் தேர்ந்தெடுங்கள். கோட்டை அகழியை ஒட்டிய தெருவில் அவர் வாழ்ந்த சாமுராய் வீடும், மூன்று பக்கமும் சூழ்ந்த தோட்டமும், பக்கத்திலேயே நினைவு அருங்காட்சியகமும் இருக்கின்றன. டோக்கியோவிலிருந்து ஓகயாமா வரை புல்லட் ரயிலிலும், அங்கிருந்து மலைகளைக் கடந்து செல்லும் 'யாகுமோ' விரைவு ரயிலிலும் மாட்சுவேயை அடையலாம். கையில் 'கிளிம்ப்சஸ்' முதல் தொகுதியை எடுத்துச் செல்லுங்கள். தோட்டத்தைப் பற்றிய கட்டுரை இரண்டாம் தொகுதியில் இருப்பதால், வீட்டைப் பார்க்கப் போகும் நாளில் அதுவும் கூட இருக்கட்டும்.